ஒரு மாத்திரையும் ஒரு துணையும்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் பெரிய ஏரி ஒன்றை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் சிறிய நாடு மலாவி. பெரும்பாலோர் கிராமங்களில் மக்காச்சோளம் பயிரிட்டுப் பிழைப்பவர்கள். அங்கே கருவுற்ற பெண் ஒருத்தி சுகாதார நிலையத்திற்கு வருகிறாள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் முடிவு தெரிகிறது: எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. அந்தச் செய்தியோடு அவள் வீடு திரும்ப வேண்டும். இன்று நாம் அந்தப் பெண்ணை நினைத்துப் பார்ப்போம்.

சிகிச்சையே இல்லாவிட்டால், இத்தகைய தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை தொற்றைப் பெறுகிறார்கள். கருவிலோ, பேறுகாலத்திலோ, தாய்ப்பால் வழியாகவோ அது வரலாம். தாய் ஒழுங்காக மருந்து உட்கொண்டால் அது நூற்றுக்கு 5க்கும் கீழே இறங்கிவிடும். 'அப்படியானால் புட்டிப்பால் கொடுக்கலாமே' என்று நமக்குத் தோன்றும். நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில் வயிற்றுப்போக்கே பிள்ளையைக் கொண்டுபோய்விடும். ஆகவே மருந்து உண்டபடியே பாலூட்டுவதுதான் அங்கே வழி.

ஆனால் மருந்து யாருக்கு? இரத்தத்திலுள்ள சிடி4 என்னும் எதிர்ப்பு அணுக்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்வதே அன்றைய நடைமுறை. எண்ணும் இயந்திரமோ கிராமத்தில் இல்லை. 2011இல் மலாவி துணிந்து ஒரு முடிவெடுத்தது. எண்ணிக்கை எதுவானாலும் சரி, தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வாழ்நாள் முழுவதும் மருந்து. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. அதை அந்தக் கிராம நிலையத்திலேயே செவிலியர் கொடுக்கலாம். மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்நாட்டில் கத்தோலிக்க, பிரஸ்பிட்டேரியன் சபைகள் நடத்தும் மருத்துவமனைகளும் ஏராளம். அவையும் இதில் இறங்கின.

2011ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மருந்து தொடங்கிய தாய்மார் 1,257 பேர். 2012ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர்! மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக் கர்ப்பிணிகளுக்கும் மருந்து தொடங்கச் சொன்னது. வசதியுள்ள நாடுகள் முதலில் கண்டு சொல்ல, ஏழைகள் பின்னால் கற்றுக்கொள்வார்கள் என்று நினைப்பது நம் பழக்கம். இங்கே அது தலைகீழ்.

இருந்தும் ஒரு குறை. மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்கு 17 பேர் ஆறு மாதத்திற்குள் காணாமற்போனார்கள். சிலர் முதல் நாளுக்குப் பிறகு திரும்பியே வரவில்லை. ஏன்? அவளுக்கு உடம்பில் நோவு இல்லை. காலையில் கர்ப்பிணியாக வந்தவள், மதியம் ஆயுள் முழுவதற்குமான மாத்திரையோடு போகிறாள். கணவனிடம் எப்படிச் சொல்வாள்? வீட்டைவிட்டுத் துரத்தினால்? மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பாள்? மருந்து கிராமம் வரை வந்துவிட்டது; அதைத் தினமும் விழுங்கும் தைரியம் டப்பாவுக்குள் இல்லையே!

இந்த இடத்தில்தான் வேறொரு தாய் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். இவளும் எச்.ஐ.வி. உள்ளவள், இதே பயத்தோடு பெற்று வளர்த்தவள். 2001இல் கேப் டவுனில் தொடங்கிய 'மதர்ஸ்2மதர்ஸ்' என்னும் அமைப்பு இப்படிப்பட்ட தாய்மாருக்குப் பயிற்சி தந்து சுகாதார நிலையங்களில் பணியமர்த்துகிறது, மலாவியிலும்தான். சம்பளமும் உண்டு. அன்புப் பணிக்குக் கூலியா என்று முகம் சுளிப்பவர் நம்மிடையே உண்டு. அந்தச் சம்பளம்தான் அவளை ஊரார் முன் நோயாளி என்ற பெயரிலிருந்து மீட்டு, வேலைக்குப் போகிறவளாக நிறுத்துகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

கணவனிடம் சொல்லும் வார்த்தைகளை இருவரும் முன்கூட்டியே பேசிப் பார்க்கிறார்கள். பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் குதிகாலில் ஊசி குத்தி, துளித் துளியாக இரத்தத்தை ஓர் அட்டையில் உலர்த்தி, நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரும் நாளில் அந்தப் பெண் மீண்டும் அதே பெஞ்சுக்கு வருகிறாள், இம்முறை மடியில் பிள்ளையோடு, பக்கத்தில் மற்றத் தாயோடு.