உஷ்ணமென்று சொல்லி விடலாகாது

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் செல்லும் ஸ்திரீகள் பலர், காலந்தவறி உதிரம் கண்டால், "உடம்பு உஷ்ணம்" என்று மோரைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். என் மாணவிகளின் தாய்மார் என்னிடமே சொல்லியிருக்கின்றனர். யாருக்குமே கூடாத இந்த அலட்சியம் லூபஸ் நோயுள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

லத்தீனில் லூபஸ் என்றால் ஓநாய். உடலின் காவற்படையே உடலைத் தாக்கும் நோய் இது. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இரத்தத் தட்டணுக்கள் குறைவதாலோ, இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தாலோ உதிரம் பெருகலாம். அதோடு முடிந்ததா? எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை உண்பவர்களிடம் பாப்பிலோமா வைரஸ் எளிதில் நீங்குவதில்லை. கருப்பை வாயில் புற்றுக்கு முந்திய மாறுதல்கள் அதிகம் காண்கின்றன. அதற்காகத் தாமே மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. உதிரம் கண்டால் வைத்தியரிடம் போகவேண்டும். காணாவிட்டாலும் காலந்தோறும் பரிசோதனை வேண்டும்.

பரிசோதனை பெரிய காரியமன்று. அண்டையிலுள்ள திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வெளுத்த இடம் சந்தேகத்துக்குரியது. சோதனை நடந்த இடங்களில் இப்புற்றால் நேர்ந்த மரணம், நடவாத இடங்களைவிட 35 சதவிகிதம் குறைவென்று 2007-ல் தெரிந்தது. வினிகரின் சாரந்தானே அது!

ஆனால் 49,311 பேரில் சோதனைக்கு வந்தவர் 31,343 பேரே. திருப்பூரில் அழைத்தால், ஷிப்டு விடாது என்பார்கள்.