புதுத் தரைக்குப் பத்து நாள் தண்ணீர்



காவேரிப்பட்டினம் பகுதிக் குழுக்களில் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் பலர் இருக்கிறோம். அஸ்திவாரம், சுவர், கூரை என்று கொண்டுவந்து, கடைசியில் தரை போடுகிறோம். அதற்குள் பணமும் தீர்ந்துவிடுகிறது, பொறுமையும் தீர்ந்துவிடுகிறது. "மேஸ்திரி தரை போட்டுட்டாரு, நாளன்னிக்கே பால் காய்ச்சிடலாம்" என்று நாள் குறித்துவிடுகிறோம்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தரையில் விரிசல். பெருக்கப் பெருக்க மாவு மாதிரி வருகிறது. உடனே கொத்தனாரைத் திட்டுகிறோம். சில வீடுகளில் தப்பு அவருடையதாகவே இருக்கலாம். ஆனால் பல வீடுகளில் அவர் போன பிறகு தண்ணீர் விடாததுதான் காரணம்.

ஏன் தண்ணீர்?

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் கல்லாக மாறுகிறது. முதல் 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும். 28 நாள் வரை பலம் நன்றாக ஏறும். நடுவில் ஈரம் போனால் அரைவேக்காட்டுச் சோறு மாதிரி அப்படியே நின்றுவிடும். வெயிலும் காற்றும் படும் மேல்பாகம்தான் முதலில் கெடும்.

எத்தனை நாள்?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ல் வெளியிட்ட கான்கிரீட் விதிப்படி, சாதாரண (ஓ.பி.சி.) சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். பி.பி.சி. சிமெண்டுக்கும், கடும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள். எந்த சிமெண்ட் என்பது மூட்டை மேலேயே இருக்கும், படித்துப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. மேல்பூச்சு, சுவர்ப்பூச்சு வேலையை முடித்துவிட்டுத் தரை போடச் சொல்லுங்கள். சாரமும் ஏணியும் புதுத் தரையில் நிற்கக் கூடாது.

2. தரை போட்ட அன்று ஜன்னல், வாசலில் சாக்கு கட்டி வெயில், காற்றை மறையுங்கள். ஈரத் தரையில் வெறும் சிமெண்ட் தூவி இழுக்க விடாதீர்கள். பிறகு அது பொரிந்து வரும்.

3. மறுநாள், விரலால் அழுத்தினால் தடம் விழாத பதம் வந்ததும், ஓரத்தில் களிமண்ணால் வரப்பு கட்டித் தண்ணீரை மெதுவாக நிறுத்துங்கள். 100 சதுர அடிக்கு ஒரு அங்குலம் நிறுத்த சுமார் 240 லிட்டர், அதாவது 16 குடம் ஆகும்.

4. தண்ணீர் கஷ்டம் உள்ள இடத்தில் சாக்கை நனைத்து விரித்து, மேலே பாலிதீன் தாள் போட்டு மூடுங்கள். செலவு குறையும். சாக்கு காயவே கூடாது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நனைப்பதில் பலனில்லை.

5. முதல் இரண்டு நாள் குழந்தை, ஆடு, நாய் எதுவும் உள்ளே போகக் கூடாது. பத்து நாள் வரை சிமெண்ட் மூட்டை, கட்டில், பீரோ வேண்டாம்.

6. கிரகப்பிரவேசத்தில் ஓமம் வளர்த்தால் வெறும் தரையில் நெருப்பு வைக்காதீர்கள். செங்கல் அடுக்கி, மேலே மணல் பரப்பி வையுங்கள். சூட்டில் தரை வெடித்துவிடும்.

இன்னொரு விஷயம். தண்ணீர் விடும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. சித்தாள் வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதை யாரும் வேலையாக எண்ணுவதில்லை, கூலியும் கணக்கிடுவதில்லை. தரை கெட்டால் மட்டும் "பொம்பளைங்க தண்ணி ஊத்தல" என்பார்கள். அதனால் மேஸ்திரியிடம் கூலி பேசும்போதே, "பத்து நாள் தண்ணி யார் விடறது, அதுக்கு கூலி எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வையுங்கள். தண்ணீர் வண்டிச் செலவையும் கடன் திட்டத்தில் சேருங்கள்.

பால் காய்ச்சும் நாளைத் தரை போட்டு இரண்டு வாரம் தள்ளியே குறியுங்கள். தரையைப் பெயர்த்து மறுபடி போட இன்னொரு கடன் வாங்குவதை விட, இரண்டு வாரம் காத்திருப்பது லாபம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள்.