குழந்தையின் மேனியில் தடிக்கும் பழுப்புப் புள்ளிகள்

கைக்குழந்தையின் மேனியில் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றினால், முதலில் பூச்சிக்கடி என்பர். பின்னர்த் தேமல் என்பர். அவை நீங்காதபோது தொழுநோயோ என்று அஞ்சிக் குழந்தையை விலக்கி வைப்பாரும் உண்டு. நான் வைத்தியன் அல்லேன். கணக்குச் சோதிக்கச் செல்லும் ஊர்களில் இவ்வச்சத்தைக் கண்டதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன். இவ்வாறு அஞ்சப்படும் குழந்தைகளுள் சிலருக்கு இருப்பது ‘மாஸ்டோசைட்டோசிஸ்’ என்னும் அபூர்வ நோய். இது தொற்றுவதன்று.

நம் தோலில் ‘மாஸ்ட்’ உயிரணுக்கள் என்பவை உள்ளன. 1878-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், உள்ளே நிறைந்திருந்த மணிகளைக் கண்டு, இவை நன்கு ஊட்டம் பெற்றவை எனக் கருதி அப்பொருள்படப் பெயரிட்டார். உண்மையில் அம்மணிகள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களின் இருப்பாகும். சங்கக் கிடங்கில் சரக்கு அடுக்கியிருப்பது போன்றதே இது. உயிரணு தூண்டப்பட்டால் அச்சரக்கு வெளிப்பட்டுத் தோல் சிவந்து தடித்து அரிக்கும். இவ்வுயிரணுக்கள் மிகுதியாகத் தோலில் சேர்வதே இந்நோய். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தென்படும்.

புள்ளியை இலேசாகத் தேய்த்தால் சில நிமிடங்களில் அவ்விடம் தடித்தெழும். ‘டாரியர் அடையாளம்’ எனப்படும் இது தேமலில் தோன்றாது. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குன்றும். இதிலோ அரிப்பு மிகும். ஆயினும் இச்சோதனையைத் தோல் மருத்துவரிடமே விட்டுவிடுக. ஒற்றைக் கட்டியாக இருப்பதை அழுத்தித் தேய்த்தால் முகம் சிவந்து குழந்தை சோர்ந்துவிடவும் கூடும். மருத்துவர் வேண்டுமாயின் தோலில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பார். இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவையும் சோதிப்பார்.

வெப்பமும் உராய்வுமே முக்கியப் பகைகள். எண்ணெய் தேய்த்து, கொதிநீரூற்றி, சீயக்காயால் அழுத்தித் தேய்க்கும் நம் வழக்கம் இக்குழந்தைகளுக்கு ஆகாது. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டித் துண்டால் ஒற்றியெடுத்தல் நலம். மெல்லிய பருத்தியாடை உடுத்துக. அதற்கு நம் தறிகளே இருக்கின்றன! அரிப்புக்குச் செடிரிசின் போன்ற மருந்தினை மருத்துவர் குறிக்கும் அளவில் கொடுக்கலாம். நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. எனினும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவ வயதையொட்டித் தானே தணிந்துவிடுகிறது.

அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. தேனீ, குளவி கொட்டினாலோ, ஆஸ்பிரின், கோடீன் போன்ற சில மருந்துகள் உட்கொண்டாலோ சிலருக்கு உடலெங்கும் சிவந்து, வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் வரலாம். அப்போது வேண்டுவது அட்ரினலின் ஊசி. தாமதியாமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் நோயைக் கட்டாயம் தெரிவித்தல் வேண்டும். இதைக் காரணங்காட்டித் தடுப்பூசியை நிறுத்திவிடலாகாது. ஊசி போடுவோரிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும். நோயின் பெயரையும் ஆகாத மருந்துகளையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஒரு பிரதியைக் குழந்தையின் பள்ளி ஆசிரியரிடமும் கொடுத்து வைக்கவும்.