ஜாவா இலவசம்தானே, பில் எங்கிருந்து வந்தது?

கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் சில வருடங்களாகவே கேட்கும் கேள்வி இது: "ஜாவா இலவசம்தானே சார், அதுக்கு எதுக்கு லைசென்ஸ் பில்?" நியாயமான கேள்வி. ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிட்டு உட்காருங்கள், முதலிலிருந்து பார்ப்போம்.

ஜாவாவை 1995-இல் வெளியிட்டது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2006 நவம்பரில் அதன் மூல நிரலை ஜிபிஎல் உரிமத்தில் திறந்து விடுவதாக அறிவித்தார்கள். ஓப்பன்ஜேடிகே என்ற திறந்த ஜாவாத் தொகுப்பு பிறந்தது அப்படித்தான். 2010 ஜனவரியில் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போனது. அதற்குப் பிறகும் எட்டு வருடங்களுக்கு மேல், ஆரக்கிள் தளத்திலிருந்து ஜாவாவை இறக்கி, பெரும்பாலான கம்பெனிகள் காசு கொடுக்காமலே ஓட்டின. புது சர்வர் வந்ததா, தளத்துக்குப் போ, சம்மதம் என்று டிக் அடி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட். அந்த டிக்குக்குக் கீழே இருந்ததை யாரும் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் அப்போது வரவில்லை.

2018 செப்டம்பரில் ஜாவா 11 வந்தபோது விதி மாறியது. ஆரக்கிள் தரும் ஜேடிகேயில், அதாவது அதன் ஜாவாத் தொகுப்பில், நிரல் எழுதலாம், சோதிக்கலாம். ஆனால் வியாபாரத்துக்கு ஓட்டினால் சந்தா கட்ட வேண்டும். 2019 ஏப்ரலில் பழைய ஜாவா 8-க்கும் இதே விதி வந்தது. 8-இன் 202-ஆம் அப்டேட் வரை பழைய உரிமம், 211 முதல் புதியது. 2021-இல் ஜாவா 17-ஐ மறுபடி இலவசமாகக் கொடுத்தார்கள், ஆனால் கெடு வைத்து: 2024 செப்டம்பருக்குப் பின் வரும் அப்டேட்டுகளை வியாபாரத்துக்குப் போட்டால் மீண்டும் சந்தா.

உங்கள் மேஜைக்கு வந்த பில்லின் அளவுக்குக் காரணம் 2023 ஜனவரி. அதற்கு முன் சர்வருக்குக் கணக்கு பிராசசரை வைத்துத்தான். பட்டியல் விலை ஒரு பிராசசருக்கு மாதம் 25 டாலர். இப்போது கணக்கு ஆள் தலையை வைத்து. ஜாவாவைத் தொடுபவர்களின் தலை மட்டும் இல்லை. முழுநேரம், பகுதிநேரம், தற்காலிகம், கம்பெனியின் உள்வேலைகளைப் பார்க்கும் கான்ட்ராக்ட் ஆட்கள் என்று எல்லாருமே கணக்கில் வருவார்கள். 999 பேர் வரை இருந்தால் தலைக்கு மாதம் 15 டாலர். ஆள் கூடக்கூட விலை குறையும்.

800 பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஜாவா ஓடுவது சம்பள சாஃப்ட்வேரிலும் ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேரிலும் மட்டும். ஆரக்கிள் கணக்கில் 4 பிராசசர். பழைய முறையில் மாதம் 100 டாலர். புதிய முறையில் 800 பெருக்கல் 15, அதாவது மாதம் 12,000 டாலர், வருடத்துக்கு 1,44,000. கணினியே தொடாத செக்யூரிட்டிக்கும் அதில் 15 டாலர் இருக்கிறது. சட்டப்படி அவர்கள் பொருள், அவர்கள் வைத்த விலை. அதில் தகராறு இல்லை. ஆனால் உபயோகத்துக்கும் விலைக்கும் இடையே இருந்த தொடர்பு இங்கே அறுந்துவிட்டது என்பது என் கருத்து.

சரி, மாற்று என்ன? இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மாற்று என்றால் ஜாவாவை விட்டு வேறு மொழிக்குப் போவது இல்லை. புரோகிராமில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது, பெரும்பாலான இடங்களில். ஆரக்கிள் ஜேடிகேயும் ஓப்பன்ஜேடிகே மூல நிரலிலிருந்து கட்டப்படுவதுதான். எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் வரும் டெமுரின், அமேசானின் கொரெட்டோ, அசுல் நிறுவனத்தின் ஜூலு, மைக்ரோசாஃப்ட், ரெட்ஹேட் தருபவை எல்லாமே அதே மூலத்திலிருந்து வருபவைதான். ஒரே வயலின் நெல்லை ஐந்து மில்காரர்கள் அரைத்து, அவரவர் பெயர் போட்ட சாக்கில் விற்பது போல. அரிசி ஒன்றுதானா என்று பார்க்க டிசிகே என்ற பொருத்தச் சோதனை இருக்கிறது. டெமுரினும் கொரெட்டோவும் அதில் தேறியே வெளிவருகின்றன.

அப்படியானால் மாற்றுவது அரை நாள் வேலைதானே என்பீர்கள். ஒரு சர்வரில் மாற்றுவது அரை நாள்கூட இல்லை. எந்தெந்த சர்வரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. பதிப்பைக் கேட்டு ஒரு கட்டளை அடித்தால் 'ஓப்பன்ஜேடிகே ரன்டைம்' என்றோ 'ஜாவா எஸ்இ ரன்டைம்' என்றோ பதில் வரும். பின்னது என்றால் ஆரக்கிள். ஆனால் அந்தக் கட்டளை ஒரே ஒரு ஜாவாவைத்தான் காட்டும். அதே சர்வரில் இன்னும் மூன்று ஒளிந்திருக்கலாம்: வெளியில் வாங்கிய சாஃப்ட்வேர் தன் ஃபோல்டருக்குள் கொண்டுவந்தது, பேக்கப் கருவி போட்டது, வேலையை விட்டுப் போனவர் சோதித்துப் பார்க்கப் போட்டுவிட்டு மறந்தது. டிஸ்க் முழுக்கத் தேடித்தான் ஆக வேண்டும். கிடைத்ததை எல்லாம் உடனே தூக்கிவிடவும் கூடாது. வெப்லாஜிக் போன்ற ஆரக்கிளின் சொந்தப் பொருளுக்காக ஓடும் ஜாவாவுக்கு அந்தப் பொருளின் லைசென்சிலேயே உரிமை அடங்கியிருக்கும். அதைத் தொட வேண்டாம்.

மாற்றிய பிறகு வரும் சிக்கல்களில் முதலிடம் சான்றிதழ்களுக்கு. ஜாவா ஃபோல்டருக்குள் 'கேசர்ட்ஸ்' என்று ஒரு கோப்பு உண்டு. யாரை நம்பலாம் என்ற பட்டியல் அது. என்றைக்கோ ஒருநாள், பேங்க் சர்வரோடு பேச வைப்பதற்காக, யாரோ அந்தப் பட்டியலில் பேங்க் கொடுத்த சான்றிதழைச் சேர்த்திருப்பார். எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். புதிய ஜாவா தன் சொந்தப் பட்டியலோடு வரும். எல்லாம் சரியாக ஓடும். மாதக் கடைசியில் சம்பளக் கோப்பு மட்டும் பேங்குக்குப் போகாது. லாகில் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்று நிற்கும். தீர்வு சின்னதுதான்: மாற்றுவதற்கு முன்பே பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, நாம் சேர்த்தவற்றை மட்டும் கீடூல் கருவியால் எடுத்துப் புதியதில் போடுவது. கோப்பை அப்படியே காப்பி செய்தாலும் ஓடும்தான், ஆனால் காலாவதியான பழைய சான்றிதழ்களும் கூடவே வந்துவிடும்.

அடுத்து, ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் 'அன்லாக் கமர்ஷியல் ஃபீச்சர்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன்ஜேடிகே 8-க்கு அது தெரியாது; தெரியாத ஆப்ஷன் என்று சொல்லி ஓடவே மறுத்துவிடும். ஜாவா 8 இலவசமாக இருந்த நாளிலேயே அந்த வரி திறந்தது கட்டண வசதியைத்தான். ஜாவா 8-இல் எழுத்துரு வரையும் பகுதியும் ஆரக்கிளில் ஒன்று, ஓப்பன்ஜேடிகேயில் வேறு. அதனால் ஒரு பக்கத்தில் அடங்கிய இன்வாய்ஸ் இரண்டாம் பக்கத்துக்கு வழியலாம். அச்சில் எடுத்து, பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். கன்டெய்னரில் எழுத்துருக்களே போடாமல் விட்டிருந்தால் பிடிஎஃப் ரிப்போர்ட் உருவாகாமலே விழுந்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஆசை வரும்: "மாத்துறதுதான் மாத்துறோம், அப்படியே 8-லேர்ந்து 17-க்குப் போயிடலாமே?" வேண்டாம். முதலில் 8-இலிருந்து 8-க்கே மாறுங்கள். ஜாவா 11-இல் வெப் ஸ்டார்ட் போய்விட்டது, ஜாவாஎஃப்எக்ஸும் கூடவே வருவதில்லை, ஜேஏஎக்ஸ்பி போன்ற எக்ஸ்எம்எல் பகுதிகளும் நீக்கப்பட்டுவிட்டன. ஆரக்கிளை விடுவதையும் பதிப்பை மாற்றுவதையும் சேர்த்துச் செய்தால், எது எதனால் உடைந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பணமும் கட்டாமல், மாற்றவும் செய்யாமல், 202-ஆம் அப்டேட்டிலேயே நின்றுவிட்ட கம்பெனிகளும் இருக்கின்றன. உரிமத்தில் குற்றம் இல்லை. ஆனால் 2019-க்குப் பின் கண்டுபிடித்து அடைத்த ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையும் அங்கே திறந்தே கிடக்கிறது, அதுவும் சம்பள விவரமும் ஆதார் நகலும் இருக்கும் சர்வரில். சந்தா என்பது அடிப்படையில் அந்த ஓட்டைகளை அடைத்துத் தருவதற்கான காசு. 2019-இல் ஓப்பன்ஜேடிகே 8, 11 இரண்டின் அப்டேட் பொறுப்பையும் ரெட்ஹேட் ஏற்றதால்தான், அந்த அடைப்பு நமக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. கேட்டதும் வந்து பார்க்க ஆள் வேண்டும் என்றால் அசுலும் ரெட்ஹேடும் கட்டண சப்போர்ட் தருகிறார்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கச் சொல்லித்தான் உங்கள் எம்.டி.யிடம் கேட்பேன்.

ஜாவாவின் பேட்ச் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு முறை வருகிறது. மாற்றும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் முன், அந்த நான்கு முறையும் உட்கார்ந்து பேட்ச் போடப் போவது யார் என்று கேட்டு, அவர் பெயரையும் அதே காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.