முதுகில் கசியும் நஞ்சு
தெளிகருவியின் பம்பை நாமே பழுதுபார்ப்போம்

இடம்பெயர்ந்து வந்து, உறவினரின் காணியில் இரண்டு பரப்பு மிளகாய் வைத்திருக்கும் ஒரு கமக்காரரைச் சந்தித்தோம். மருந்து அடித்து முடித்துவிட்டு வரம்பில் வந்து அமர்ந்தார். அவருடைய சேட்டின் முதுகுப்புறம் முழுவதும் நனைந்திருந்தது.

"வியர்வையோ அண்ணை?" என்று கேட்டோம்.

"இல்லைத் தம்பியவை, மிசின் ஒழுகுது. நாலு குடும்பத்துக்கும் இந்த ஒண்டுதான். புதுசு வாங்க இப்ப வசதியில்லை" என்றார்.

அவரைச் சவர்க்காரம் போட்டுக் குளித்து உடை மாற்றச் சொன்னோம். பின்னர் கருவியைக் கழுவிக் கழற்றிப் பார்த்தோம். மூடியின் றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. குழாய் பொருத்தும் இடத்தில் வோசர் தேய்ந்திருந்தது. பழுது இவ்வளவுதான். புதுக் கருவி தேவைப்படவில்லை.

நாம் "மருந்து" என்று சொன்னாலும் அது நஞ்சு. பல பூச்சிநாசினிகள் வாயால் மட்டுமன்றி, தோலாலும் உடலுக்குள் செல்லும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கண் மங்கல், அதிக வியர்வை என்பன அதன் அறிகுறிகள். ஆகவே ஒழுகும் பம்பைத் திருத்துவது காசை மிச்சம் பிடிக்கும் வேலை மட்டுமல்ல, உயிரைக் காக்கும் வேலையுமாகும்.

பம்பு எப்படி வேலை செய்கிறது?

முதுகில் சுமக்கும் கைத்தெளிகருவியின் தொட்டி பெரும்பாலும் 16 லீற்றர் கொள்ளும். கைப்பிடியை அசைக்கும்போது ஓர் உருளைக்குள் பிஸ்ரன் மேலும் கீழும் போய்வருகிறது. ஓர் அசைவில் தொட்டியிலுள்ள நீரை உறிஞ்சுகிறது. மறு அசைவில் அதை அமுக்க அறைக்குள் தள்ளுகிறது. உள்ளே வரும் வழியில் ஒரு வால்வும் வெளியே போகும் வழியில் ஒரு வால்வும் உண்டு. அமுக்க அறையில் அடைபட்ட காற்றுத்தான் நீரைச் சீராக வெளியே தள்ளுகிறது. வாகனம் கழுவும் உயர் அமுக்கப் பம்பும் பிஸ்ரன், வோசர், இரண்டு பக்க வால்வு என்ற இதே முறையில்தான் இயங்குகிறது.

பழுதைக் கண்டறிதல்

முதலில் தொட்டியில் சுத்தமான நீர் விட்டு அடித்துப் பாருங்கள்.

கைப்பிடி இலேசாக ஆடுகிறது, அமுக்கம் ஏறவில்லை என்றால், பிஸ்ரனின் கிண்ண வோசர் தேய்ந்திருக்கும் அல்லது காய்ந்திருக்கும். உறிஞ்சும் வால்வில் மண் சிக்கியிருந்தாலும் இப்படி நேரும்.

கைப்பிடி தானாகவே திரும்பத் தள்ளுகிறது என்றால், வெளியேற்றும் வால்வு சரியாக மூடவில்லை.

விட்டுவிட்டுப் பாய்கிறது என்றால், அமுக்க அறையில் காற்றுக் குறைந்து நீர் நிரம்பியிருக்கலாம். நீர் முழுவதையும் வடித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

அமுக்கம் இருந்தும் தெளிப்பு மெலிவாக இருந்தால், வடியையும் நொசிலையும் பாருங்கள்.

விசையை விட்ட பின்னும் சொட்டுகிறது என்றால், விசைக்குள் இருக்கும் வோசரை மாற்ற வேண்டும்.

மூடியில் உள்ள சிறு காற்றுத் துவாரத்தையும் மறக்க வேண்டாம். அது அடைபட்டால் தொட்டிக்குள் காற்றுப் புகாது. பம்பு நீரை உறிஞ்சாது.

கழற்றிப் பூட்டும் முறை

விசையை அழுத்தி அமுக்கத்தை முற்றாக வெளியேற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, கழுவிய பின்னரே கழற்றுங்கள். கழற்றும் பாகங்களை ஒரு சாக்கின்மேல் வரிசையாக வையுங்கள். அதே வரிசையில் பூட்டினால் ஒன்றும் மாறாது.

கிண்ண வோசரின் விரிந்த வாய் அமுக்கம் ஏறும் பக்கத்தை நோக்க வேண்டும். பலர் பிழை விடுவது இங்கேதான். தோல் வோசர் காய்ந்திருந்தால் ஓரிரவு தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டால் மீண்டும் இளகும். றப்பர் வோசரை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவ வேண்டாம். சாதாரண றப்பர் அவற்றில் ஊதிக் கெட்டுவிடும். சவர்க்கார நீரே போதும்.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டி வோசர் செய்து சமாளித்தவர்கள் நாங்கள். ஆனால் நஞ்சு படும் இடத்தில் அது நெடுநாள் தாங்காது. பழைய வோசரைக் கழுவிக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் வாங்குவதே நல்லது.

நொசில் அடைத்தால் வாய் வைத்து ஊதவே கூடாது. கம்பியும் குத்த வேண்டாம், துளை பெருத்துவிடும். நீரில் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் தேயுங்கள். ஒரு நிமிடத்தில் வெளிவரும் நீரை அளந்து பாருங்கள். புது நொசிலில் 600 மில்லிலீற்றர் வந்த இடத்தில் 660க்கு மேல் வந்தால், அது தேய்ந்துவிட்டது; மாற்றுங்கள். தேய்ந்த நொசில் மருந்தையும் காசையும் வீணாக்கும்.

ஒவ்வொரு நாளும் கழுவுதல்

வேலை முடிந்ததும் மூன்று தடவை கழுவுங்கள். ஒவ்வொரு தடவையும் பம்பு, குழாய், நொசில் வழியாக நீர் போக வேண்டும். அந்த நீரை மருந்து அடித்த பயிருக்கே தெளியுங்கள். கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைவில் கிணற்றைச் சேரும். நம்மில் பலருக்கு அதுவே குடிநீர். கழுவிய கருவியைத் தலைகீழாக நிழலில் காயவிடுங்கள். வெயில் றப்பரை வெடிக்க வைக்கும்.

வயலுக்குக் களைநாசினி அடித்த கருவியைச் சரியாகக் கழுவாமல் மிளகாய்க்கோ தக்காளிக்கோ பாவித்தால், மிஞ்சிய சிறிதளவே இலையைச் சுருட்டிப் பயிரைக் கெடுத்துவிடும். முடிந்தால் களைநாசினிக்கு வேறு கருவி வைத்து, அதில் சிவப்பு மையால் அடையாளமிடுங்கள்.

ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு சொல்

1990இலும் 1995இலும் 2009இலும் விட்டுவந்த வீடுகளில் பழைய கருவிகளும் போத்தல்களும் கிடைக்கலாம். கருவியின் றப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றிய பின்னரே பாவியுங்கள். போத்தல்களைத் திறக்கவும் வேண்டாம். விவசாயப் போதனாசிரியரிடம் அறிவியுங்கள். மொனோகுரோட்டோபொஸ் 1995இலும் என்டோசல்பான் 1998இலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டவை.

நாலு குடும்பத்துக்கு ஒரு கருவி என்பது குறையல்ல. ஆனால் அதற்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். ஒரு சிறு தகரப்பெட்டியில் இரண்டு கிண்ண வோசர், மூடி வளையம், விசை வோசர், ஒரு நொசில் ஆகியவற்றை வையுங்கள். ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை போட்டால் இவற்றை வாங்கலாம். முதுகில் ஏற்றுமுன், நீர் நிரப்பிப் பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். ஒரு துளி கசிந்தாலும் அன்று மருந்து அடிக்க வேண்டாம். பயிர் ஒரு நாள் பொறுக்கும்.