கூரை உங்களுடையது, உள்சாலை எல்லாருடையது

சிட்னியின் புறநகர்களில் கம்யூனிட்டி டைட்டில் முறையில் வீடு வாங்கும் பலருக்கு முதல் லெவி பில் வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: சொந்த மனை, சொந்த வீடு, பிறகு எதற்கு இந்தக் கட்டணம்? உள்சாலை, தெருவிளக்கு, பூங்கா, நீச்சல்குளம் ஆகியவை அங்கே அரசுக்கோ நகராட்சிக்கோ சொந்தமல்ல. வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் உறுப்பினர்களான சங்கத்துக்குச் சொந்தம். அவற்றைப் பழுதுபார்ப்பது சங்கத்தின் சட்டக் கடமை. மனையின் மதிப்பை ஒட்டி நிர்ணயித்த பங்கின்படி செலவு பிரியும். நீச்சல்குளத்தில் கால்கூட நனைக்காதவரும் தன் பங்கைக் கட்டத்தான் வேண்டும்.

ஸ்ட்ராட்டா அடுக்ககத்தில் கூரை ஒழுகினால் பெரும்பாலும் பொதுச் செலவு. இங்கே அப்படியல்ல, தனி வீட்டின் கூரையும் சுவரும் உங்கள் பொறுப்பு. குழாய்களில்தான் சண்டை வருகிறது. பல வீடுகளுக்குப் பொதுவான வடிகாலா, உங்கள் வீட்டுக்கு மட்டும் வரும் குழாயா? பதிவான வரைபடத்தையும் சங்கத்தின் விதிகள் அடங்கிய மேலாண்மை ஆவணத்தையும் பார்க்காமல் பிளம்பருக்குப் பணம் கொடுக்காதீர்கள், சங்கத்தோடும் மோதாதீர்கள். பொது இடத்தின் ஒரு பகுதி சிலரின் பயன்பாட்டுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தால், அதன் பராமரிப்பு யார் தலையில் என்பதும் அந்த ஆவணத்தில்தான் இருக்கும்.

நியூ சவுத் வேல்ஸில் 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, சங்கம் அன்றாடச் செலவுக்கு ஒரு நிதியும் பெரிய வேலைகளுக்கு ஒரு நிதியும் வைத்திருக்க வேண்டும். பெரிய வேலைகளுக்கு 10 ஆண்டுத் திட்டமும் வேண்டும். லெவி குறைவு என்று மகிழ்பவர்கள் இரண்டாவது நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது வறண்டிருந்தால், சாலை பெயரும் ஆண்டில் சிறப்பு லெவி மொத்தமாக வந்து விழும்.

“பூங்காவைச் சரிசெய்யும்வரை கட்டமாட்டேன்” என்று லெவியை நிறுத்துவது பெரிய தவறு. கெடு தாண்டி ஒரு மாதமானால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி சேரும். வழக்குச் செலவும் சேரலாம். பணத்தைக் கட்டிவிட்டு உரிமையைக் கேளுங்கள். சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், கணக்குகளைப் பார்வையிடுங்கள், பொதுக்கூட்டத்தில் வாக்களியுங்கள். தீராவிட்டால் மாநில அரசின் ஃபேர் டிரேடிங் துறையின் சமரசப் பேச்சு, அதன்பின் மாநிலத்தின் சிவில், நிர்வாகத் தீர்ப்பாயமான என்கேட் (NCAT).

பழைய உரிமையாளரின் லெவி பாக்கி வாங்குபவர் மீதும் ஏறும். ஆகவே வாங்குவதற்கு முன்பே சங்கத்திடமிருந்து பாக்கிச் சான்றிதழ், 10 ஆண்டுத் திட்டம், கடைசிக் கூட்டக் குறிப்புகள் மூன்றையும் வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.