கோர்க்கா மலையில் கல் சுமந்தேன்

"நம்ம தெருக்கோடி ஸ்கூலே மழைக்கு ஒழுகுது. அதை விட்டுட்டு நேபாளத்துல போய்ப் பள்ளிக்கூடம் கட்டப் போறாளாம்!"

2018-ம் வருஷம் தீபாவளி முடிந்த கையோடு, நான் பெட்டியில் கம்பளிச் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் மாமியார் சொன்னது இது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததே!

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்ட சாதாரணக் குடும்பத் தலைவி நான். பக்கத்து வீட்டு மாமா பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். நேபாளத்தில் கோர்க்கா மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட உதவி கேட்கிறார்கள், ஆணும் பெண்ணுமாக ஒன்பது பேர் போகிறோம், நீயும் வாயேன் என்று மாமி கூப்பிட்டார். "ஒரு மாசம்தானே, நானும் பசங்களும் சமாளிச்சுக்கறோம்" என்று என் கணவர் தைரியம் சொன்னார். (சமாளித்த லட்சணத்தைத் திரும்பி வந்து சமையலறையில் பார்த்தேன்!) இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம்; வாக்காளர் அட்டை போதும். கோரக்பூர் வரை ரயில், சுனௌலியில் எல்லையைத் தாண்டி நாள் முழுக்க பஸ், கோர்க்கா பஜாரிலிருந்து ஜீப். போய்ச் சேருவதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று.

2015 ஏப்ரல் 25-ம் தேதி, பகல் பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் 7.8 அளவுள்ள பூகம்பம் வந்தது நினைவிருக்கும். அதன் மையம் இந்தக் கோர்க்கா மாவட்டம்தான். சுமார் 9,000 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிந்தன. அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அப்போது வார விடுமுறை சனிக்கிழமைதான். ஞாயிறு ஸ்கூல் இருந்தது. முந்தின நாளோ மறுநாளோ வந்திருந்தால்... நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

நாங்கள் போனபோது, மூன்றரை வருஷம் ஆகியும் பிள்ளைகள் மூங்கில் நட்டுத் தகரம் போட்ட கொட்டகையில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கொல்லர், தையல்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்பாக்கள் கத்தாரிலோ மலேசியாவிலோ இருந்தார்கள். ஊரார் கட்டிடத்தைக் கட்ட ஆண்கள் தேசம் விட்டுப் போய்விட, இங்கே கல் தூக்க ஆளில்லை. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

கல் சுமப்பது என்றால் தலையில் சும்மாடு வைத்து அல்ல. 'டோகோ' என்ற மூங்கில் கூடையை முதுகில் போட்டு, 'நம்லோ' என்ற பட்டையை நெற்றியில் மாட்டிக் குனிந்து ஏற வேண்டும். அந்த ஊர்ப் பாட்டிகள் கூடை நிறைய ஏற்றிக்கொண்டு பேசிக்கொண்டே போனார்கள். நான் அரைக் கூடைக்கே கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாள் அவதிப்பட்டேன். பிறகு மணல் சலிக்கப் போட்டார்கள். மாவு சலித்த கை அல்லவா, அது வந்தது!

ஒரு விஷயம் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரித்துவிடும். முதல் வாரம் உறை போடாமல் கலவையை அள்ளி, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிச் சாதம் பிசைய முடியவில்லை. வீட்டில் சின்னக் கொத்து வேலை நடந்தாலும் ரப்பர் உறை போடாமல் தொடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சாப்பாடு காலை ஒன்பது மணிக்கும் இருட்டிய பிறகும், பருப்பும் சோறும். சில நாள் 'டிண்டோ' கிடைத்தது. கேழ்வரகு மாவில் கிண்டியது, நம் களியேதான். முதல் உருண்டையில் என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே தினமும் வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தி, முப்பது வயது இருக்கலாம். கொல்லர் வீட்டுப் பெண். புருஷன் கத்தாரில் கட்டிட வேலையில் இருந்தான். நான் அந்தக் காலத்தில் எழுதிய மத்யமா பரீட்சை ஹிந்தியும், அவள் சினிமா பார்த்துக் கற்ற ஹிந்தியும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. என்னைத் 'தீதி' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்:

"தீதி, கல் கட்டிடம் வந்தா என் பசங்களை நான் அனுப்ப மாட்டேன். கொட்டகை விழுந்தா தகரம்தானே. அன்னிக்கு நான் ஓடி வந்து பார்த்தேன். பெரியவன் உட்கார்ற பெஞ்சு மேல கல் குவிஞ்சு கிடந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்காகக் கட்டுகிறோமோ அந்தப் பிள்ளைகளே வராவிட்டால்? கூலிக்காக மட்டும் அவள் வரவில்லை. எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்கவும்தான் வந்தாள்.

அடுத்த வாரம் கொத்தனார்கள் டீ குடிக்கப் போன சமயம், நானும் மாமியும் அதிகப்பிரசங்கித்தனமாக ஒரு முழ உயரத்துக்குக் கல் அடுக்கினோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. தலைமைக் கொத்தனார் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பிரித்துப் போட ஆரம்பித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் விளக்கினார். நாங்கள் வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை வைத்து நடுவில் பொடிக்கல்லைப் போட்டு நிரப்பியிருந்தோம். பூமி ஆடும்போது இரண்டு வரிசையும் தனித்தனியாகப் பிளந்து சரியும். பழைய பள்ளியும் சாந்துக்குப் பதில் வெறும் மண் பூசி அப்படித்தான் கட்டியதாம். அங்கங்கே சுவரின் முழு அகலத்துக்கும் நீளக் கல் குறுக்கே போட வேண்டும். மூலைகளில் கம்பி எழும்ப வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, கூரைக்கு அடியில் ஒன்று என்று கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் கட்டிடத்தைச் சுற்றி ஓட வேண்டும். எங்கும் விட்டுப் போகக் கூடாது.

பக்கத்தில் நின்ற அவள் சிரித்துவிட்டாள். "பிரிக்கிறாரே, அப்ப இவருக்கு வேலை தெரியும்" என்றாள்.

ஜன்னலுக்கு மேல் பெல்ட் போட்டதும் சணல் சாக்கைப் போர்த்தித் தினமும் தண்ணீர் விடும் வேலை எங்கள் இருவருக்கு. காயவிட்டால் கான்கிரீட் பலம் பிடிக்காது. ஊற்று இருபது நிமிஷம் கீழே. மேல்தெருப் பெண்கள் அவள் எடுத்த தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. சட்டம் தடுத்து எத்தனையோ காலமாகிறது, வழக்கம் போகவில்லை. நம்மூரில் இல்லாததா? நான் அவள் குடத்திலிருந்தே குடித்தேன். சிலர் பார்த்துக்கொண்டே நின்றார்கள், நிற்கட்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் போக்குவரத்துச் செலவில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்குப் பல நாள் கூலி கொடுத்திருக்கலாம். இப்படிப் போக ஆசைப்படும் சகோதரிகள், அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே ஆள் கேட்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பணம்தான் தேவையென்றால் பணத்தை அனுப்புங்கள். கொத்தனார் வேலையைக் கொத்தனாரே செய்யட்டும்.

ஊர் திரும்பிய மாதமே தெருக்கோடி ஸ்கூலுக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்து, ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசினேன். மாமியாரும் கூட வந்தார். என்னைவிட அதிகமாகப் பேசியதும் அவர்தான்!

2023 நவம்பர் 3-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் சமயம், மேற்கு நேபாளத்தில் ஜாஜர்கோட் பக்கம் பூகம்பம் வந்து 150 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மறுநாள் டி.வி.யில் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. கோர்க்கா தலைமை ஆசிரியருக்கு போன் போட்டேன். முதலில் கிடைக்கவில்லை, திங்கட்கிழமைதான் கிடைத்தது. அங்கேயும் ஆடியதாம், எல்லாரும் வெளியே ஓடி வந்தார்களாம், யாருக்கும் ஒன்றுமில்லை. அவளைப் பற்றிக் கேட்டேன்.

"நேற்றுக் காலையில் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கட்டிடத்தை நாலு பக்கமும் சுத்திப் பார்த்தாங்க. பெல்ட் ஓடுற இடத்தையெல்லாம் கையால தடவினாங்க. அப்புறம் பொண்ணை வகுப்புக்குள்ள விட்டுட்டு, புல் அறுக்கப் போயிட்டாங்க" என்றார்.